பல்லுக்கு எட்டாத சத்தம்

அரக்கோணம் ரோடு தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில், ரயில் கேட்டுக்கு ஊர்ப் பக்கமாக வேணு நாயுடுவின் மோட்டார் ஷெட் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் அதில் மூன்று வண்டிகள் நின்றன. ஒன்றைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று டயர் இல்லாமல் கட்டைகளின் மேல் உட்கார்ந்து, நாயுடு வீட்டுக் கோழிகள் முட்டையிடும் இடமாகப் போயிற்று. ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய செவர்லெட் கார் மட்டும்தான். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் ஒருவன் குந்தி உட்கார்ந்து கைச்சக்கரத்தைச் சுற்றி நெருப்பை ஊத வேண்டும். வண்டி போன பிறகும் அந்தத் தெருவில் காய்கிற துணிகளில் கரிப்பொடி இருக்கும். பெண்கள் வண்டியையும் நாயுடுவையும் சேர்த்துத் திட்டுவார்கள்.

ஷெட்டின் பின்சுவரை ஒட்டிய அறையில் மேஸ்திரி யோபுவும் அவன் மனைவி தபிதாளும் குடியிருந்தார்கள். வேலை இருக்கிறவரை அறை. வேலை போனால் அறையும் போகும். இதை யாரும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஆடி மாதம் அவர்கள் மகள் தேவசுந்தரியும் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் அஸ்ஸாமில் எங்கோ பட்டாளத்துக்கு ரோடு போடுகிற கூட்டத்தில் இருந்தான். அறையின் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் மகளைப் படுக்க வைத்திருந்தாள் தபிதாள். இரும்பு, கிரீஸ், கரி எல்லாம் கலந்த வாசனையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வாந்தி வந்தது. ஆனாலும் அது கூரை. ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு தகரத்தில் அடிக்கும்போதெல்லாம் தபிதாள் அண்ணாந்து பார்ப்பாள். தகரம் அதிர்ந்து அடங்கும்.

யோபு தன் கைகளைவிடக் காதுகளை நம்பி வளர்ந்தவன். அறைக்குள் படுத்தபடியே, கேட்டைத் தாண்டுகிற வண்டி யாருடையது, எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்வான். அடுப்பில் பால் பொங்குவதற்கு முந்திய அந்தச் சின்னச் சலசலப்பைக்கூட ஷெட்டிலிருந்து கேட்டுக் குரல் கொடுப்பான். கல்யாணமான புதிதில் தபிதாளுக்கு அது பயமாகக்கூட இருந்தது. அண்டை வீட்டுக்காரியிடம் மாமியாரைப் பற்றி முணுமுணுத்தால் அதுவும் அவன் காதில் விழுந்துவிடும்.

போன வருஷம் மழைக்குப் பின்னால் அவனுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை கிடைப்பதே அரிதாயிருந்தது. கிடைத்ததை, சீக்கிரம் வேலைக்குப் போகவேண்டும் என்று சொன்ன அளவைவிடக் கூடக் கூட விழுங்கினான். காய்ச்சல் போயிற்று. காதுக்குள் ஒரு வண்டு கத்திக்கொண்டே இருக்கிறது என்றான். கொஞ்ச நாளில் அந்த வண்டும் அடங்கிவிட்டது. அதோடு மற்ற சத்தங்களும் அடங்கிவிட்டன என்று அவன் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, அவன் பின்னால் தபிதாள் பித்தளைத் தவலையைத் தவறிப் போட்டாள். கோழிகள் பறந்தன. அவன் திரும்பவில்லை. தவலை உருண்டு அவன் காலில் இடித்த பிறகுதான் குனிந்து பார்த்தான். எடுத்துக் கொடுத்தான். அவளைப் பார்த்து, "பாத்து வெக்கக் கூடாதா மே" என்றான். விழும்போதே கேட்டவன் போல.

அந்தப் பாசாங்கை அவள் ஏற்றுக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் சோறு கொண்டுபோகிற சாக்கில் ஷெட்டில் உட்கார ஆரம்பித்தாள். அவனுக்குப் பின்னாலிருந்து யாராவது பேசினால் அவள் பேசுகிறவரைப் பார்ப்பாள். அவன் அவள் பார்வையைப் பிடித்துத் திரும்புவான். எஞ்சின் ஓடும்போது சத்தம் சுத்தமாக இருந்தால் கைகளை மடியில் வைத்திருப்பாள். எங்காவது பிசகினால் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டதல்ல இது. தானாக வந்தது. தட்டுகிற சத்தம் எது, இருமுகிற சத்தம் எது, உராய்கிற சத்தம் எது என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தபோது, அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை அவள் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. புருஷனுடைய ஒன்றைத் திருடி வைத்துக்கொண்டது போல இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அவன் பக்கத்தில் இருக்கும்போதே அவள் தனக்குத் தானே பேசப் பழகியிருந்தாள். முதலில் அரிசியைப் பற்றி, மழையைப் பற்றி. பிறகு, பதினெட்டு வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அவளைக் கூப்பிட்டார்கள் என்பது, அதற்குப் போகவிடாமல் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்பது, இந்தக் கிரீஸ் வாசனை ஒருநாளும் தனக்குப் பிடித்ததில்லை என்பது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு நடக்கும்போது, அவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிடும். சுதி தப்பினால் தெரிந்துவிடும் என்று பயந்து நிற்கிற மனுஷன். அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பாள்.

ஷெட்டில் யோபு ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தான். முன்பெல்லாம் நீளத் திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பான். இப்போது தோல் சீவிய வேப்பங்குச்சி ஒன்றின் ஒரு முனையை இரும்பில் ஊன்றி, மறு முனையைக் கடைவாயில் கடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொள்வான். பெரம்பூர் ரயில் பட்டறையில் துரைமார்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று டிரைவர் கண்ணையனிடம் சொல்லியிருந்தான். கண்ணையன் நம்பினான். ஒருநாள் தானும் கடித்துப் பார்த்துவிட்டு, "எனுக்கு வேம்பு ருசிதான் தெர்து மேஸ்திரி" என்றான். அதை யோபுவின் முகத்துக்கு நேராகச் சொன்னதால் அவனும் சிரித்தான்.

ஷெட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தபிதாள் அந்தக் குச்சியை எடுத்துக் கடித்தாள். இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டாள். தாடை எலும்பு முழுக்க எஞ்சின் வந்துவிட்டது. ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு உருட்டலும் பல்லில் ஏறின. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு தெரிகிறதா இவனுக்கு என்று நினைத்தாள். பிறகு விரலை எடுத்தாள். பெல்ட்டின் கீச்சொலி, எங்கோ காற்று ஒழுகுகிற சீறல் எல்லாம் காதுக்கு வந்தன. மறுபடி அடைத்தாள். அவை போய்விட்டன. கனத்த சத்தம்தான் பல்லுக்கு வரும். மெல்லிய சத்தம் வராது. குச்சியைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது செவர்லெட் நகரியிலிருந்து திரும்பி வருகிற வழியில் கொதித்து நின்றது. கண்ணையன் அதை மாடு கட்டி இழுத்து வந்தான். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீரைத் தள்ளுகிற பம்ப் போய்விட்டிருந்தது. அதன் தண்டு தேய்ந்து, தண்டோடு சேர்ந்த முன்காற்றாடி ஆடிற்று. தண்ணீர் பம்பின் கழுத்து வழியாகவே ஒழுகிப்போயிருந்தது. ஒழுகலை அடைக்க வழியில் யாரோ சொன்ன யோசனையில் கண்ணையன் மஞ்சள் பொடியை ரேடியேட்டரில் கொட்டியிருந்தான். குழாயைக் கழற்றியதும் மஞ்சள் தண்ணீர் யோபுவின் முழங்கை வரை வழிந்தது.

"இன்னாபா இது, மஞ்ச நீராட்டா?" என்றான் யோபு.

கண்ணையன் தலையைச் சொறிந்தான்.

நாயுடு கவலையோடு வந்து நின்றார். கிருத்திகைக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பத்தை அழைத்துவர வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்கு மொட்டை அடிக்க வருகிறார்கள். தாத்தா காலத்திலிருந்து நாயுடு வீட்டு வண்டியில்தான், மாட்டு வண்டியாயிருந்த நாளிலிருந்து, அவர்கள் மலைக்கு வருவது. மற்ற வண்டிகள் போன பிறகு, நாயுடுவுக்கு வண்டிக்காரர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான். அவர் யோபுவின் முன்னால் வந்து நின்று, சத்தமாக இல்லாமல், "உன்னால ஆவுமா யோபு? ஆவலைன்னா இப்பவே சொல்லிடு. அரக்கோணத்துல நசருல்லா மேஸ்திரியைக் கூப்டுக்கிறேன்" என்றார். யோபு அவர் உதட்டைப் பார்த்தான். பிறகு தபிதாளைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். "ஆவுங்க" என்றான்.

யுத்த காலத்தில் புது பம்ப் எங்கே கிடைக்கும்? அரக்கோணத்தில் நசருல்லா உடைத்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து பழைய பம்ப் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். உடல் நன்றாக இருந்தது. தண்டு சுழல்கிற சின்னப் பித்தளைக் குழலான புஷ் மட்டும் தேய்ந்திருந்தது. யோபு ஒரு பித்தளைத் துண்டைப் பட்டறையில் கடைந்து வாங்கி, அரத்தால் ராவி ராவி, தண்டை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்து, மறுபடி ராவி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். அவன் விரல்களில் தப்பில்லை. தபிதாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரங்களில் அவன் செவிடன் இல்லை. எல்லாரையும் போல, வேலையில் ஆழ்ந்திருக்கிற ஒருவன். அவ்வளவுதான்.

தண்ணீர் கழுத்து வழியே ஒழுகாமல் இருக்க, தண்டைச் சுற்றித் திரி வைத்து இறுக்க வேண்டும். கடைத் திரி கிடைக்காது. ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கின கழிவு நூலைத் தபிதாளும் தேவசுந்தரியும் தொடையில் உருட்டிப் புரியாக முறுக்கினார்கள். யோபு ஆட்டுக் கொழுப்பை உருக்கி, பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சியைப் பொடித்துக் கலந்து, புரியை அதில் ஊறவைத்தான். அறை முழுக்கக் கொழுப்பு வாடை. தேவசுந்தரி வெளியே போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து முறுக்கினாள்.

அன்று பொழுது சாயும் வேளையில் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் தின்ன உட்கார்ந்தபோது யோபு திடீரென்று சொன்னான். குரல் கட்டுப்பாடில்லாமல் பெரிதாக வந்தது.

"இனிமே நீ ஷெட்டுக்கு வராத."

தபிதாள் களியைப் பிட்ட கையோடு நிமிர்ந்தாள்.

"கண்ணையன் சிரிக்கிறான். மேஸ்திரிக்கு முந்தானையப் பாத்தாத்தான் வேலை ஓடும்னு தண்ணி எடுக்கிற பொம்பளைங்கக்கிட்ட சொல்லிகினு கீறான். நானு பாத்தேன். அவன் வாயைப் பாத்தேன்."

அவன் வாயைப் பாத்தேன் என்று சொன்னதும் அவனே நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் மூடி வைத்த ஒன்று திறந்துவிடும். கீரையை எடுத்துக் களியோடு சேர்த்து விழுங்கினான்.

அவன் தலை குனிந்திருந்த நேரத்தில் தபிதாள், "நான் வரலைன்னா நீ இன்னா பண்ணுவே" என்றாள். வழக்கமாக அவன் முதுகுக்குப் பின்னால் பேசுகிற அதே குரலில். இந்தத் தடவை அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். மகளும் இருந்தாள்.

தேவசுந்தரி தகப்பனைப் பார்த்தாள். அவன் தின்றுகொண்டே இருந்தான்.

"அம்மா, நைனாவுக்குக் காது கேக்காதா?"

"கம்முனு துன்னு."

"கூப்டா திரும்பவே மாட்டன்றாரு. நானும் வந்த நாள்லேருந்து பாத்துகினுதான் கீறேன். நாயுடுகாருக்குத் தெரியுமா? தெரிஞ்சா நாம எங்கம்மா போறது?"

"வேலை நெனப்பு அவருக்கு. வேற ஒன்னும் இல்ல."

இரண்டு பெண்களுக்கும் நடுவில் அவன் குழம்புக்குக் கையை நீட்டினான். தபிதாள் ஊற்றினாள். அவன் அவர்களுடைய முகங்களை மாறி மாறிப் பார்த்து, ஏதோ பேச்சு நடந்தது என்று புரிந்து, என்ன என்று கேட்காமல் இருந்தான். அந்தக் கேட்காமையைத் தபிதாளால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் மோந்தாள். பானையில் தண்ணீர் மோந்தும், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகள் கேட்ட கேள்விதான் அவளுடைய கேள்வியும். வேலையும் அறையும் போனால் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே போவது? திருவாலங்காட்டில் மைத்துனன் வீடு இருக்கிறது. அங்கே போய் நிற்பதைவிட இந்தக் கரிப்புகையே மேல்.

மறுநாள் பம்பைப் பூட்டினான். அவன் சொன்னபடி அவள் ஷெட்டுக்குப் போகாமல் இருந்தாள். அறைக்குள் உட்கார்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஒவ்வொன்றையும் கேட்டாள். போல்ட் இறுகுகிற கிறீச். தண்ணீர் ஊற்றுகிற கடகட. கண்ணையன் கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதுகிற மூச்சு. நெருப்புப் பிடித்துப் புகை வர நேரமாகும். ரோட்டில் காவடிகள் போக ஆரம்பித்திருந்தன. பம்பை மேளமும் அரோகராவும் கேட்டுக்குப் பக்கமாக வந்து, ரயிலுக்கு நின்று, பிறகு நகர்ந்தன. புழுதி. எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

நன்றாக இருந்தது. தபிதாள் சுவரில் சாய்ந்தாள். சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சூடேற ஏற, சத்தத்துக்கு அடியில் ஏதோ ஒன்று முளைத்தது. முதலில் கொசு என்று நினைத்தாள். காதருகே கையை வீசினாள். போகவில்லை. கொசுவின் ரீங்காரம் போல மெல்லிசாக, ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் காணாத இரும்பு அழுகிற சத்தம். பழைய பம்ப் நிற்பதற்கு முந்தின நாள் இதைத்தான் அவள் கேட்டாள். அன்று அவள் முந்தானையை இழுத்துப் போட்டபோது அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

நாயுடு புகைக்கு ஒதுங்கி வாசல் பக்கம் நின்றிருந்தார். கண்ணையன் ஸ்டியரிங்கில் இருந்தான். தலை வாரி, சந்தனம் வைத்து, சித்தூருக்குக் கிளம்புகிற அலங்காரத்தில். யோபு குச்சியைக் கடித்துக்கொண்டு, மறு முனையைப் பம்பின் மேல் ஊன்றி, கண்ணை மூடியிருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் இந்த ஒரு வருஷத்தில் பார்த்ததில்லை. காற்றாடி நேராகச் சுற்றிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"சன்னமா இன்னாவோ கத்துதே மேஸ்திரி" என்று கண்ணையன் கத்தினான். யோபு கண்ணைத் திறக்கவில்லை. நாயுடு பதில் சொன்னார்: "புது புஷ் இல்லியா. ஓட ஓடச் செரியாப் போவும்."

கண்ணையன் ஒத்துக்கொண்டான். இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இது என்ன சத்தம் என்று சொல்லக்கூடியவன் யோபு. அவனுக்குக் கேட்கவில்லை. அவனே எதுவும் சொல்லாமல் நிற்கும்போது சத்தத்தில் குற்றமில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

யோபு கண்ணைத் திறந்தான். தபிதாளைப் பார்த்தான். முகம் கடுத்தது. அவள் குடத்தை இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டாள்.

அவன் பார்த்தான். பார்த்தது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவன் பார்வை அவள் தோளில் ஒரு கணம் நின்றது. பிறகு அதைவிட்டு நகர்ந்து நாயுடுவிடம் போயிற்று.

"சுத்தமா கீதுங்க. வண்டி எடுக்கலாம்" என்றான்.

அவள் மறுபடியும் முந்தானையை இழுத்தாள். காற்றுக்குச் சரிசெய்வது போல இல்லை இப்போது, வெளிப்படையாக. அவன் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கண்ணையன் கதவைச் சாத்தினான். திரும்பி வரும்போது வண்டியில் பிள்ளைகள் இருப்பார்கள். நகரிக்கு அந்தப் பக்கத்து மேட்டில் தண்டு இறுகிக்கொள்ளும். தண்ணீர் கொதிக்கும். கண்ணையனுக்குப் பொறுமை கிடையாது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திறப்பான். அப்படித் திறந்த ஒருவனின் முகத்தை அவள் அரக்கோணம் சந்தையில் பார்த்திருக்கிறாள். ஒரு கண்ணும் உதட்டில் பாதியும் உருகின முகம். இதெல்லாம் அவள் மனதில் வரிசையாக வரவில்லை. சேலைத் திரையும், அதன் பின்னால் தூங்குகிறவளின் வயிறும்கூட அந்த நேரத்தில்தான் வந்தன. ஒரு மூச்சு அவள் பேசாமல் இருந்தாள். அந்த ஒரு மூச்சு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவள் பின்னால் பல வருஷம் நினைத்துக்கொண்டதுண்டு. பேசாமல் இருந்தால் போதும், எதுவும் மாறாது.

"சத்தம் வர்துங்க" என்றாள்.

நாயுடு திரும்பினார். ஷெட்டில் அவள் வாய் திறந்து பேசியதே கிடையாது.

"பம்ப்ல சத்தம் வர்துங்க நாயுடுகாரு. கிரீஸ் போவலை உள்ள. போனா வழியில புடிச்சிக்கும். வண்டிய எடுக்க வேணாம்."

கண்ணையன் எஞ்சினை அணைத்தான். அந்தக் கொசுச் சத்தமும் இறங்கி, கரகரத்து நின்றது. எஞ்சின் அடங்குகிற நேரத்தில் அது எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது.

யோபு அவர்களுடைய முகங்களைப் பார்த்தான். கண்ணையனை, நாயுடுவை. எல்லாரும் அவன் பெண்சாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளிடம் திரும்பினான்.

"இன்னா சொன்னே?"

அவள் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை.

"இன்னா மே சொன்னே அவருகிட்ட?"

மெதுவாகச் சொன்னால் அவனுக்கு எட்டாது. ஜாடையில் சொல்ல இனி எதுவும் மிச்சமில்லை. அவள் அவன் அருகில் போனாள். அவன் காதருகே, ரோட்டில் போகிற காவடிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, முழுக் குரலில் சொன்னாள்.

"பம்ப் கத்துது. உனுக்குக் கேக்கலை."

ரோட்டில் பம்பை மேளம் ஒரு அடி தப்பி மறுபடி பிடித்துக்கொண்டது போலிருந்தது. சேலைத் திரையை விலக்கிக்கொண்டு தேவசுந்தரி, தூக்கம் கலைந்து, அறை வாசலில் வந்து நின்றாள்.

யோபு குச்சியைக் கீழே வைத்தான். கைகளைக் கந்தையில் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

நாயுடு அவனுக்குப் பின்பக்கமாக மெல்ல நடந்து வந்தார். இரண்டு எட்டு தள்ளி நின்று, "யோபு" என்றார். அவன் திரும்பவில்லை. "யோபு, இங்க பார்ப்பா" என்றார் இன்னும் கொஞ்சம் உரக்க. தபிதாளின் கண்கள் பழக்கத்தில் நாயுடுவை நோக்கிப் போகப் பார்த்தன. அவற்றைத் தரையில் இறக்கி வைத்தாள். இனி அந்த உதவியும் பொய்யாகத்தான் இருக்கும். நாயுடு மூன்றாவது முறை கூப்பிடவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தபிதாளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

யோபு ஸ்பானரை எடுத்தான். சூடான பம்ப். கந்தையைப் போர்த்திக்கொண்டு பெல்ட்டைத் தள்ளினான். குழாயைக் கழற்றி வெந்நீரை வாளியில் விட்டான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தான். பம்ப் கையோடு வந்ததும் வெளிச்சத்துக்குப் போய், தண்டைத் தட்டி வெளியே எடுத்தான். தண்டின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. புஷ்ஷைத் திருப்பிப் பார்த்தான். கிரீஸ் இறங்குவதற்கு அதில் போட்ட துளை, பம்பின் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு விரல் தள்ளித் திரும்பியிருந்தது. தட்டி இறக்கும்போது அது சுழன்று திரும்பியிருக்க வேண்டும். புஷ் சரியாக உட்காரும்போது சுத்தியலின் சத்தம் மாறும். முன்பெல்லாம் அதைக் கேட்டுத்தான் அவன் கையை நிறுத்துவான்.

அவன் தபிதாளைக் கூப்பிட்டான். கையசைத்துத்தான். அவள் போனாள். அவன் அந்தத் துளையை விரலால் தொட்டுக் காட்டினான். அவள் தலையசைத்தாள். அவன் நீலம் பாய்ந்த இடத்தைக் காட்டினான். அவள் மறுபடி தலையசைத்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவர்கள் இப்படி, ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்றதில்லை.

வாசல் பக்கம் நாயுடு கண்ணையனிடம் பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தவில்லை. யாருக்காகத் தாழ்த்துவது? சித்தூர்க்காரர்களை ரயிலில் வந்துவிடச் சொல்லித் தந்தி கொடுக்கச் சொன்னார். விடிந்ததும் அரக்கோணத்துக்குப் போய் நசருல்லாவை அழைத்து வா, வண்டி இனி அவன் பார்வையில் இருக்கட்டும் என்றார். அந்தப் பொண்ணுக்குப் பிரசவம் ஆகிறவரைக்கும் அறையில் இருக்கட்டும், அதுக்கப்புறம் பார்த்துக்கலாம் என்றார். கண்ணையன் தபிதாளின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். முந்தானை என்று சிரித்தவன் இவன்தானா என்று இருந்தது. அறை வாசலில் நின்ற தேவசுந்தரி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

யோபு தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, எது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே சாக்கின் மேல் அடுக்கினான். மறுபடி பூட்டும்போது மாறிவிடக் கூடாது. வாஷரை எடுத்து ஊதி, அதற்குரிய போல்ட்டின் பக்கத்தில் வைத்தான். பிறகு நிமிர்ந்து, நாயுடுவும் கண்ணையனும் நிற்கிற திசையைப் பார்த்துக்கொண்டு, தன் பெண்சாதியிடம் மட்டும் ரகசியம் சொல்வதாக நினைத்துப் பேசினான். அவன் குரல் தகரத்தில் பட்டு ஷெட் முழுக்கக் கேட்டது.

"புஷ்ஷு இத்தயே திருப்பிப் போட்டா ஆவும். தண்டைத் தேச்சிக்கலாம். காலைல வெளிச்சம் வந்ததும் பூட்டிடறேன். நீயும் வந்து பக்கத்துல நில்லு. எனுக்குச் சரியாக் கேக்கலை தபிதா. நீ கேட்டுச் சொல்லு."

வாசலில் பேச்சு நின்றது.

அவன் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.

"ஆங்" என்றாள் தபிதாள். அவனுக்குத் தெரியும்படி பெரிதாகத் தலையையும் ஆட்டினாள்.

அவன் அடுத்த போல்ட்டை எடுத்து மண்ணெண்ணெயில் போட்டான்.